மோகனராஜின் நூற்றுப் பதினேழு வளைவுகள்

நாற்பதாவது வளைவு வந்ததும் மோகனராஜ் கண்களை மூடிக்கொள்கிறார். வலது கால் மிதிபலகையில், இடது கை மேல் கம்பியில். பஸ் ஒரு பக்கம் சரிய, அவரும் சரிகிறார். உதடுகள் மட்டும் எதையோ எண்ணுகின்றன. புதிதாக ஏறியவர்கள் கொண்டக்டர் நின்றபடியே தூங்குகிறார் என்று பயந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்று வளைவு கழிந்ததும் கண்ணைத் திறந்து, தீர்ந்துபோன டிக்கெட் புத்தகத்தின் பின் அட்டையில் ஏதோ கிறுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போல, "நுவர, நுவர! உள்ளுக்குப் போங்க, உள்ளுக்கு எடம் இருக்கு!" என்று கத்தத் தொடங்குவார். உள்ளே இடம் இருக்காது. அது வேறு விஷயம்.

நுவர என்றால் கண்டி. புசல்லாவையிலிருந்து அங்கே போகும் அந்த நீல நிற பஸ்ஸில்தான் ஒன்பது வருடமாக நான் வேலைக்குப் போகிறேன். பேராதனையில் இறங்கி தபால் கந்தோருக்கு நடக்க வேண்டும். முன் கதிரை எனக்கென்றே ஒதுக்கியது மாதிரி. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன், அப்படி என்னதான் எழுதுகிறீர்கள் என்று.

"இந்த வளைவு வெளிப்பக்கமா சரிஞ்சு நிக்குது சேர். நான் அத மட்டமா கட்டிட்டேன். கண்ணு சொல்லல, காலுதான் சொல்லுச்சு. வீட்டுக்குப் போயி திருத்தணும்."

றோட்டுத் திருத்துகிற வேலையை இவருக்கு யார் கொடுத்தது என்று நான் விழித்ததைப் பார்த்து, ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த டிரைவர் நளீர் நானா, எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறை, சிரித்தார்.

"சேர், எங்கட மோகன் வீட்டுல ஒரு றோட்டு வெச்சீக்கிறார். கம்பியூட்டருக்குள்ள. அந்த றோட்டுல பஸ் உருண்டாலும் சனத்துக்குக் காயம் இல்ல."

விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. மோகனராஜுக்கு வயது நாற்பத்திரண்டு. பஸ் ஓட்டுகிற கணினி விளையாட்டு ஒன்று அவரிடம் இருக்கிறது. விரும்பியவர்கள் தங்கள் ஊர்ப் பாதையைத் தாங்களே கட்டி அதில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் மூன்று வருடமாகப் புசல்லாவையிலிருந்து கம்பளை வரைக்கும் உள்ள பாதையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கணக்கில் நூற்றுப் பதினேழு வளைவுகள். தேயிலைத் தொழிற்சாலை, அந்தோனியார் சிலை, வாழைக்குலை தொங்கும் கடை, மழைக்கு ஒதுங்குகிற தகரக் கொட்டகை என்று எல்லாம் அதனதன் இடத்தில்.

அவர் ஏன் நிஜ பஸ்ஸையே ஓட்டக்கூடாது என்று நான் கேட்கவில்லை. அவரே ஒருநாள் சொன்னார். பதினோரு வயதில் கிட்டிப்புள் பட்டு இடது கண்ணின் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. கனரக வாகன லைசன்ஸ் அவருக்குக் கிடைக்காது. இதைச் சொல்லும்போது குரலில் ஒரு நெளிவும் இல்லை. "அதுக்கென்ன சேர், கொண்டக்டர் ரெண்டு தட்டு தட்டாட்டி எந்த டிரைவரும் போக ஏலாதே" என்றார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போகலாம். பஸ்ஸின் பக்கத் தகட்டில் அவர் உள்ளங்கையால் தட்டும் சத்தம் கம்பளைச் சந்தையில் நிற்பவருக்கும் கேட்கும்.

அவருடைய வீடு தோட்டத்துக்குக் கீழே, சாலையிலிருந்து எண்பது படி இறக்கத்தில். கணினியின் மேல் ஒரு ரெக்சின் உறை. பஸ் இருக்கை தைக்கிறவர் மிச்சத் துண்டில் தைத்துக் கொடுத்தது. மலைப்பனிக்கு எல்லாம் நமுத்துப்போகிற வீட்டில் பிள்ளைகளின் சப்பாத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பெட்டிக்குப் பிடிக்காது. சனிக்கிழமை தோறும் பெயின்ட் தூரிகையால் ஃபேன் இதழ்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். திறப்பதற்கு முன் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொள்வார். உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கவாம். அவருடைய மனைவி சுதர்சினி அதைச் சாமி கும்பிடுகிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தார்.

ஆனால் எத்தனை துடைத்தாலும் கிழடு கிழடுதான். கம்பளையில் மூடிப்போன ஒரு இன்டர்நெட் கடையிலிருந்து வாங்கிய பெட்டி, பன்னிரண்டு வயது. பாதை நீள நீள அதற்கு மூச்சு வாங்கியது. தொழிற்சாலை வளைவில் படம் உறைந்து நிற்கும், அப்புறம் பஸ் பள்ளத்தில் கிடக்கும். கடைசியில் அறுபதாவது வளைவுக்கு மேல் பாதையைத் திறக்கவே மறுத்துவிட்டது. முழு றோட்டையும் கட்டிவிட்டு பாதியைப் பார்க்க முடியாத நிலை.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கச் சந்தில் பழைய கணினிப் பாகங்கள் விற்கிறவர் பஹ்மி. புதிதாக ஒரு செட் எடுத்தால் மூன்று இலட்சம் என்றார். மோகனராஜ் சிரித்துவிட்டு, ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, வேறு வழி கேட்டார். பஸ்காரருடைய வழி அது. "பாடி பழசா இருக்கட்டும், எஞ்சின மாத்துவோம்." ஒன்றரை வருடம் எடுத்தது. மதர்போர்ட்டும் பிராசஸரும் ரேமும், படிப்பு முடிந்து போன பேராதனை கம்பஸ் மாணவன் ஒருவன் விற்றது. எல்லாவற்றையும் பழசாக வாங்கிய மனிதர் பவர் சப்ளையை மட்டும் பெட்டி உடைக்காத புதுசாக வாங்கினார். பஹ்மி குறைந்த விலையில் ஒன்றை நீட்டியபோதும் அசையவில்லை. "பிரேக்கையும் இதையும் பழசு வாங்கக் கூடாது பாய். காசு மிச்சம் புடிக்கிற எடம் இது இல்ல."

கடைசியாக வர வேண்டியது கிராபிக்ஸ் கார்ட். படத்தைத் திரையில் வரைகிற பலகை, இருப்பதிலேயே விலை கூடிய சாமான். பழையதைப் பார்த்து வாங்க ஆறு மாதம் பஹ்மியின் கடைக்கு நடந்தார். கிடைத்ததோ ஏறக்குறைய ஒரு முழ நீளம், பெட்டிக்குள் நுழையாது. வேறு யாராவது என்றால் புதுப் பெட்டி தேடியிருப்பார்கள். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நெளிவெடுக்கிற கராஜுக்குப் போனார். அங்கே தகர வேலை செய்கிற டிங்கர் பாஸ் உள்தகட்டை வெட்டி, காற்றுப் போகப் பக்கத்தில் வரிசையாகத் துளை போட்டு, பஸ்ஸுக்கு அடித்ததில் மிஞ்சிய நீலப் பெயின்டையே அடித்துக் கொடுத்தார். பஸ்ஸிலிருக்கும் மஞ்சள் கோட்டைக்கூட விடவில்லை. முகப்பில் 'புசல்லாவை – கண்டி' என்று ஒரு ஸ்டிக்கர். இப்படி ஒரு கணினியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அதற்குள் இன்னொரு செய்தி வந்துவிட்டது. நளீர் நானாவுக்குக் கட்டாரில் டிரைவர் வேலை சரியாகி, ஐப்பசிப் போயா, அதாவது பௌர்ணமி, கழித்து இரண்டாம் நாள் பயணம். பதினான்கு வருடம் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். மோகனராஜ் அழவில்லை, அங்கலாய்க்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "போறதுக்கு முன்னுக்கு என் றோட்டுல ஒரு தடவ ஓட்டிக் காட்டிட்டுப் போங்க நானா."

"றோட்ட பெட்டிக்குள்ள கட்டேலுமா மோகன்? வளைவு காலுக்குத் தெரியோணும்" என்று சிரித்தாலும், போயா அன்று பகல் வருவதாக நானா வாக்குக் கொடுத்தார். அந்தப் பாதை சரியா பிழையா என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே மனிதர் அவர்தான் என்பது மோகனராஜின் கணக்கு. என்னை, பஸ் முதலாளியை, விளையாட்டில் பாதை கட்டுகிற வெளிநாட்டுக்காரர்களை அவர் ஒரு பொருட்டாக எடுக்கவே இல்லை.

போயாவுக்கு ஆறு நாள் முன்பு ஆயுத பூசை. சுதர்சினி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். டிக்கெட் புத்தகம், பிள்ளைகளின் புத்தகம், தையல் இயந்திரம், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தட்டின் நடுவில் புதிதாக வந்த கிராபிக்ஸ் கார்ட். மோகனராஜ்தான் அதை வைத்தார். வைத்துவிட்டு பஸ் பூசைக்குப் போய்விட்டார். மறுநாள் மாலை அவசரம் அவசரமாக அதை எடுத்துச் செருகி, மின்சாரத்தைக் கொடுத்தார். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

கழற்றினார், செருகினார். கறுப்பு. இன்னொரு வயரைப் போட்டுப் பார்த்தார். கறுப்பு. மூன்றாம் தரம் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. போர்டுக்குள் போய் உட்காருகிற அந்தத் தங்க நிற விளிம்பில், காய்ந்துபோன சந்தனம் மூன்று பொட்டாக, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமத்தோடு.

சுதர்சினி எட்டிப் பார்த்தார். "அந்த எடந்தான் பொன்னு மாதிரி மின்னுச்சு. அதுதான் நெத்தின்னு நெனச்சிட்டேங்க" என்றாராம்.

இதை எனக்குச் சொன்னவரே சுதர்சினிதான். சொல்லும்போது கண் கலங்கியது. ஒன்றரை வருடம் கையைக் கடித்துச் சேர்த்த சாமானை ஒரு விரல் சந்தனத்தால் கெடுத்துவிட்டோமே என்று அவர் நிற்க, மோகனராஜ் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "நீ வச்ச எடம் சரிதான். அதுக்கு நெத்தி அதுதான்."

பிறகு பிளக்கைப் பிடுங்கினார். சின்னவளின் பென்சில் பெட்டியிலிருந்து அழிக்கிற இறேசரை எடுத்து, விளிம்பை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு துடைத்தார். போர்டின் பள்ளத்துக்குள் போயிருந்த பொடியை உலர்ந்த பல் தூரிகையால் கிளறி, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, மறுபடி கிளறி, இரண்டு மாலை அதிலேயே போனது. பஹ்மியிடம் கொண்டுபோகச் சொன்னதற்கு, "நம்ம பூசையில கெட்டத நம்மளே சரி பண்ணணும்" என்றாராம். மூன்றாம் நாள் மாலை திரையில் வெளிச்சம் வந்தது. புசல்லாவைக் கடைத்தெரு வந்தது. சுதர்சினி ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இன்னொரு விளக்கு ஏற்றினார், கணினியிலிருந்து நாலடி தள்ளி.

போயா பகலில் நளீர் நானா வந்தார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே தூற்றல். நானா கதிரையில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, பஹ்மி சும்மா கொடுத்த பழைய விளையாட்டு ஸ்டியரிங்கைத் தட்டிப் பார்த்தார். "இது சின்னப் பிள்ளையள்ட சாமான் தானே!" மோகனராஜ் கதிரைக்குப் பின்னால், வலது கால் சற்று முன்னே, பஸ்ஸில் நிற்கிற மாதிரியே நின்றார்.

முதல் பத்து வளைவு வரைக்கும் நானா பேசிக்கொண்டே ஓட்டினார். வாழைக்குலைக் கடையைப் பார்த்து, "அட, கடைக்காரர்ட நாயையும் போட்டீக்கி!" என்றார். அப்புறம் பேச்சுக் குறைந்தது. இருபதுக்கு மேல் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். வெறுங்காலோடுதான் அவர் நிஜ பஸ்ஸையும் ஓட்டுவார். நாற்பதாவது வளைவில் பஸ் வெளிப்பக்கம் சரிய, மூன்று பேருமே ஒரு பக்கம் சாய்ந்தோம். தொழிற்சாலை வளைவுக்குள் திரும்பும் முன்பே நானா ஹோர்ன் அடித்தார். எதிரே வண்டி வருகிறதா என்று அங்கே நமக்குத் தெரியாது, அதனால் அடிப்பார், தினமும் அடிப்பார். கிழட்டுப் பெட்டி மூச்சை விட்ட இடம் அது. இப்போது படம் துளிகூட இழுபடவில்லை. ஒன்பது வருடம் தூங்கி வழிந்துகொண்டே போன என் றோட்டு இவ்வளவு அழகா என்று அன்றுதான் பார்த்தேன்.

அறுபத்து நாலாவது வளைவில் முனியாண்டி இருக்கிறார். சிவப்புப் பூசிய ஒரு கல், ஒரு சூலம், பக்கத்தில் உண்டியல். அதற்கப்புறம்தான் செங்குத்தான இறக்கம். தினமும் காலையில் பஸ் அங்கே நிற்கும். மோகனராஜ் குதித்திறங்கி ஒரு காசைப் போட்டுவிட்டு ஓடிவருவார். எவ்வளவு பிந்தினாலும் நானா நிறுத்தாமல் போனதே இல்லை. "முனியாண்டி மோகன்ட ஆள், பிரேக் என்ட ஆள், ரெண்டு பேரும் வேணும் சேர்" என்பார்.

திரையில் அந்தக் கல் தெரிந்தது. நானாவின் கால் பிரேக்குக்குப் போனது. பஸ் வேகம் தணிந்து, இடப்பக்கம் ஒதுங்கி, உண்டியலுக்கு நேரே நின்றது. நானா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஸ்டியரிங்கை விடாமல், வழக்கமான குரலில் சொன்னார்:

"மோகன், எறங்குங்க. காசப் போட்டுட்டு வாங்க. எறக்கம் வருது."

யாரும் சிரிக்கவில்லை. மோகனராஜ் சட்டைப்பையைத் துழாவினார். ஒரு பத்து ரூபாய்க் குற்றியை எடுத்து நீலப் பெட்டியின் மேல் வைத்து, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குனிந்து, அதன் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.