பின்காலின் நான்கு கணுக்கள்

கெர்வாசி குஷ்மெரெக், போலந்தின் ஸ்டேக்னா கடற்கரையில், பழங்கால மரப்பிசின் இறுகி உண்டான அம்பர் கல்லைத் தீட்டிப் பிழைத்தவர். புயல் ஓய்ந்த காலைகளில் இடுப்பளவு நீரில் நின்று வலையால் கல் அள்ளுவோரிடம் வாங்கி, சக்கரத்தில் தேய்த்து நகைக்கடைகளுக்குக் கொடுப்பார். மனைவி லூத்சினா மறைந்தபின் வீட்டில் அவரும் மகன் டிமோனும் மட்டுமே. பள்ளியில் உயிரியல் கற்பித்த டிமோன், மற்ற நேரத்தையெல்லாம் கல்லுக்குள் சிக்கிய வண்டுகளோடு கழித்தான்.

நோயில் படுக்குமுன் அவன் கடைசியாகப் பார்த்த கல், மேல்தோல் போகாத பழுப்புக் கட்டி. ஓர் ஓரத்தில் மட்டும் சன்னல்போலத் தேய்த்து, உருப்பெருக்கியை அப்பாவிடம் நீட்டினான்.

"பின்கால் நுனியைப் பாருங்கப்பா. நாலே கணு. இதோட சொந்தக்காரங்க எல்லாருக்கும் அஞ்சு. இது புதுப் பேரினம்ப்பா! அம்மா பேரைத்தான் வைக்கணும்."

"எனக்கு ஒரு கரும்புள்ளிதான்டா தெரியுது. முதல்ல நீ ஒரு பொண்ணைப் பாரு, அப்புறம் வண்டைப் பாரு."

மார்ச்சில், பனி கரையுமுன் டிமோன் இறந்தான். நகர அருங்காட்சியகத்தில் வண்டுகளை ஆராயும் எல்விராவிடம் அந்தக் கல்லைச் சேர்த்துவிடும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தான்.

கல் தீட்டும் ஒருவர், மேல்தோல் நீக்காத கல்லை மதிப்புக்குரியவர் கையில் வைப்பது அந்தக் கடற்கரையில் அவமரியாதை. மகனின் கல்லை அப்படிக் கொடுக்கக் கெர்வாசிக்கு எப்படி மனம் வரும்? துக்கத்துக்கு வந்தவர்கள் மீனும் கசகசா ரொட்டியும் உண்டு கலைந்தபின், சக்கரத்தின்முன் அமர்ந்தார். தோலை நீக்கி, இரு முகங்களையும் சமமாக்கி, சுண்ணப்பொடி தொட்ட கம்பளியால் மெருகேற்றினார். அத்தனை நேர்த்தியாக எந்தக் கல்லும் அவர் கையில் அமைந்ததில்லை.

கல்லோடு அருங்காட்சியகம் போனார். எல்விரா அதை நுண்ணோக்கியின்கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதைத் தீட்டுனது யாரு?"

"நான்தாம்மா. ஏன், கீறல் ஏதும் விழுந்திருச்சா?"

"கீறலே இல்லைங்க. பின்கால் ரெண்டுலயும் நுனிதான் இல்ல. தேய்ச்சதுல போயிடுச்சு."

"நாலு கணும்மா. டிமோன் எண்ணுனான்."

"நீங்க எண்ணுனீங்களா?"

ஆம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "இல்லம்மா. நான் கேலி பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"டிமோன் சொன்னா நான் நம்புவேன். ஆனா புதுப் பேரினம்னு எழுதுனா, யாரு வந்து பாத்தாலும் அது கல்லுல தெரியணும். இதே மாதிரி இன்னொண்ணு கிடைச்சா வைக்கலாங்க, உங்க வீட்டம்மா பேரை."

அன்றுமுதல் வண்டு தெரிந்த எந்தக் கல்லையும் கெர்வாசி சக்கரத்தில் வைக்கவில்லை. தோலோடு துணியில் சுற்றி எல்விராவிடம் எடுத்துச் சென்றார்.

"என்ன கெர்வாசி, கை மறந்துபோச்சா? சொறி பிடிச்ச கல்லைப் போய் மியூசியத்தம்மாவுக்குக் குடுக்கிறியே!" என்று வலைக்காரர்கள் சிரித்தார்கள். ஆண்டுகள் பல ஓடின. அந்த வண்டு மட்டும் மறுபடி கிடைக்கவில்லை.

ஓர் இலையுதிர் காலத்தில் எல்விராவே வீடு தேடி வந்தார். லிதுவேனியக் கரையில் கிடைத்த ஒரு வண்டின் படத்தை மேசைமேல் வைத்தார்.

"இதேதாங்க. முழுசா இருக்கு."

"பின்கால்ல எத்தனை?"

"நாலு. புதுப் பேரினமேதான். டிமோன் சொன்னது அப்படியே சரி."

"பேரு?"

"அதை ஆராய்ஞ்சவங்க அந்தப் பக்கத்து ஆத்தோட பேரை வச்சுட்டாங்க. முதல்ல வச்ச பேருதான் நிக்கும். இனி மாத்த முடியாதுங்க."

"அவன் தப்பா எண்ணல," என்றார் கெர்வாசி. வந்தவருக்குத் தேநீர் வைக்க எழுந்தார்.

நவம்பர் முதல் நாள், ஊரார் எல்லோரும் கல்லறைகளில் விளக்கேற்றும் அந்தியில், அவரும் போனார். மகனும் மனைவியும் அடுத்தடுத்துக் கிடந்தார்கள். இருவருக்கும் விளக்கேற்றினார். மகனருகே குனிந்து, செய்தியைச் சொன்னார். லூத்சினாவின் பெயர் பொறித்த கல்லை நோக்கித் திரும்ப மட்டும் அவரால் முடியவில்லை.