ஐந்தரைக் கட்டை

தென்காசி ரதவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கோமதிசங்கருக்கு ஊரில் இரண்டு பெயர் உண்டு. பகலில் கண்ணாடிக்கடை அண்ணாச்சி. கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று வந்துவிட்டால் கீபோர்டு சங்கர். இரண்டு இடத்திலும் அவர் செய்கிற வேலை என்னவோ ஒன்றுதான். எதிரே இருப்பவரின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது. பவர் ஏறிப்போய் வந்து நிற்பவரிடம், "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, லேசா கூடியிருக்கு" என்பார். லேசாகவா நிறையவா என்பது கண்ணாடி போட்ட பிறகு அவரவர் மூக்குக்குத் தெரியும்.

அவர் மனைவி சண்முகப்பிரியா பாடுகிறவள். ராகத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த தகப்பனார் அந்தப் பிள்ளையைச் சும்மா விட்டுவிடுவாரா? ஐந்து வயதிலேயே பாட்டுக்கு அனுப்பிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் வாசிக்க அவள் பாடுவது என்று ஆகிப்போனது. தென்காசி, செங்கோட்டை, சிவகிரி வரைக்கும் பக்திப் பாட்டு என்றால் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

இவர்கள் வட்டாரத்தில் ஒருவர் குரலின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். கீபோர்டில் வரிசையாக இருக்கிற கட்டைகளின் கணக்குத்தான் அது. எண் ஏற ஏறச் சுருதி உயரம். ஒன்றரை, ஐந்தரை என்று அரையில் முடிந்தால் கறுப்புக் கட்டை. சண்முகப்பிரியாவுக்கு ஐந்தரை. "இருபது வயசுலயும் ஐந்தரை, இன்னைக்கும் ஐந்தரை" என்பது அவள் பேச்சின் நடுவில் எப்படியாவது வந்து உட்கார்ந்துவிடும். பால்காரர் பேசிக்கொண்டிருந்தால்கூட வரும். கூடப் பாடிக்கொண்டிருந்த முத்துவடிவு சுருதியை இறக்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அவள் சொன்னது இது: "எனக்கு ஐந்தரை எட்டாத அன்னைக்கு மைக்கைக் கீழ வச்சிருவேன். அடித் தொண்டையில முனங்கிட்டுத் திரிய மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அதுதான் கோமதிசங்கருக்குப் பயம். ஏனென்றால் அவள் பாடிக்கொண்டிருந்தது ஐந்தரை இல்லை, நாலு. இந்த விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. கை எப்போதும் முதல் கட்டையிலிருந்தே வாசித்துக்கொண்டிருக்கும். பட்டனைத் தட்டினால் வெளியே வரும் சத்தம் மட்டும், கறுப்போ வெள்ளையோ, தட்டுக்கு ஒரு கட்டையாக ஏறும், இறங்கும். மேடையில் வாசிக்கிற பாதிப் பேர் இந்தப் பட்டனை நம்பித்தான் பிழைக்கிறார்கள், இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. மகள் அபர்ணா பிறந்த மறுவருஷம் வீரகேரளம்புதூர் கொடையில் முதல் பாட்டிலேயே சண்முகப்பிரியாவுக்கு மேல் ஸ்தாயியில் குரல் பிசிறியது. முகம் செத்துவிட்டது. அடுத்த பாட்டுக்கு முன்னால் கோமதிசங்கர் பட்டனை ஒரு தட்டு தட்டி இறக்கினார். பாட்டு அமோகமாக அமைந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள், "ரெண்டாவது பாட்டுல தொண்டை தொறந்துட்டு, கவனிச்சீயளா?" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டனைத் தட்டியதை அவர் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தார். அந்த நாளை வரவேயில்லை. பிற்பாடு நாற்பது வயது வாக்கில் இன்னொரு தட்டு. கொரோனாவுக்கு அப்புறம் மூன்றாவது தட்டு.

கண்டுபிடிக்க யாரும் இல்லை. அவர்கள் குழுவில் சுருதி சேர்க்கவேண்டிய வாத்தியம் வேறு கிடையாது. மசூது தட்டுகிற ரிதம் பேடுக்கு எந்தக் கட்டையும் ஒன்றுதான். வீட்டில் கீபோர்டு இருக்கும்போது சுருதிப்பெட்டி தண்டம் என்று அவரே சொல்லி வைத்திருந்தார். அவர் விரல்கள் எப்போதும் அதே இடத்திலிருந்து தொடங்குவதால் பார்க்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. எண் தெரிகிற சின்னத் திரையின்மேல், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டார். கண்ணாடிக் கடைக்காரர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

இந்த வருஷம் சாரல் தொடங்கின சமயத்தில் செங்கோட்டையிலிருந்து தளவாய் போன் செய்தான். யூடியூபில் பக்திப் பாட்டு போடுகிற பையன். குற்றாலநாதர் மேல் ஒரு பாட்டு தயாராகிறது, அக்காதான் பாடவேண்டும் என்றான். மதுரைக்குப் போய் ஸ்டுடியோ எடுக்கவேண்டாம்; குரலையும் கீபோர்டையும் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்பினால் போதும்; நாதஸ்வரமும் புல்லாங்குழலும் புனலூர்க்காரர்கள் வாசித்துத் தந்துவிடுவார்கள், எல்லாவற்றையும் தான் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

"அக்கா, சுருதி மட்டும் சொல்லிருங்க."

"என்னத்தப்பா கேக்க? எப்பவும் ஐந்தரைதான்."

பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த கோமதிசங்கருக்குப் புரையேறியது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அபர்ணா, மைக்கும் அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி அனுப்பினாள். மேலகரத்து வீட்டின் உள்ளறை ஸ்டுடியோ ஆனது. கீபோர்டின் முதுகில் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. இத்தனை வருஷம் அது எதற்கு என்றே அவர் யோசித்ததில்லை. கடையில் பில் அடிக்கிற பிரிண்டரின் வயர் அதில் கனகச்சிதமாகப் பொருந்தியது. லேப்டாப்பில் செருகிவிட்டு வாசித்தால் அதன் ஸ்பீக்கரில் பொட்டுச் சத்தம் இல்லை. வயரை மாற்றினார், அணைத்துப் போட்டார், சாமி கும்பிட்டார். அபர்ணாதான் போனில் விளக்கினாள். அந்த வயர் வழியாகச் சத்தம் போகாதாம். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்கிற தகவல் மட்டும் போகுமாம்; சத்தத்தைக் கம்ப்யூட்டர் தானே உண்டாக்கிக்கொள்ளுமாம். அவள் சொன்னபடி ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்ததும் வயலின் வந்தது. கூடவே திரையில் ஒரு கீபோர்டு படமும் வந்தது.

கோமதிசங்கர் ஆசையாக முதல் கட்டையை அழுத்தினார். படத்தில் நாலாவது கட்டை பளிச்சென்று எரிந்தது. அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றியதைப் பிரிண்டர் வயர் போட்டுக்கொடுக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. படத்தை ஓரத்துக்குத் தள்ளி மறைத்தார்.

புனலூர்க்காரர்கள் வாசித்த இசையைத் தளவாய் அனுப்பினான். சுத்தமான ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாரல் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலில் ஜமக்காளத்தைக் கட்டி, மின்விசிறியை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சண்முகப்பிரியா பாடினாள். பல்லவி போயிற்று. சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் கிழிந்தது. மறுபடியும் கிழிந்தது. சாரல் காற்று, சளி என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் கிழிந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள்.

"அவ்வளவுதான், போச்சு. தளவாயிகிட்ட வேற ஆளைப் பாக்கச் சொல்லிருதேன்."

"ஏட்டி, ஒரு வெந்நி வச்சுக் குடிச்சுட்டு வா. இன்னொரு தடவை பாப்போம்."

அவள் மிளகு தட்டிப்போட்டு வெந்நீர் வைக்கப் போனாள். அவள் அழுதுகொண்டுதான் போனாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்குத் தாங்கவில்லை. லேப்டாப்பில் தேடினார். சுருதியை இறக்குகிற இடம் அதிலும் இருந்தது. தளவாய் அனுப்பிய இசையை மூன்று தட்டு இறக்கினார்.

சண்முகப்பிரியா வந்து பாடினாள். ஒரே மூச்சில், நிறுத்தாமல், சரணத்தில் ஏறி நின்று இறங்கினாள். கோமதிசங்கர் கீபோர்டையும் வாசித்துச் சேர்த்தார். அன்றைக்கு ராத்திரி அவளே அடை சுட்டாள். "மொளகு வெந்நிக்கு உள்ள மகிமை எந்த டாக்டருக்கும் தெரியல்ல" என்றாள். அவரும் ஆமாம் என்றார். குரலையும் கீபோர்டையும் மறுநாள் தளவாய்க்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகக் கடையைத் திறந்தார்.

மேடையில் அவர் இறக்கினால் எல்லாம் இறங்கும். அந்தப் பழக்கத்தில் அவருக்கு ஒன்று தோன்றவேயில்லை. அவர் இறக்கியது அவர் வீட்டு லேப்டாப்பில் மட்டும்தான். புனலூர்க்காரர்கள் வாசித்த நாதஸ்வரம் தளவாயிடம் ஐந்தரையில் அப்படியே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது சண்முகப்பிரியா உள்ளறையில் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இலை போடவில்லை.

"தளவாயி பேசுனான். நீங்களும் நானும் ஒரு பக்கம் நிக்கோமாம், மத்தவங்க எல்லாரும் வேற பக்கம் நிக்காங்களாம். மூணு தட்டு எறங்கியிருக்காம்."

"ஃபைல் மாறியிருக்கும். நான் பாக்குதேன்."

"இப்பமே பாருங்க. என் சுருதியை வைங்க."

அவர் உட்கார்ந்து அழுத்தினார். ஓரத்தில் மறைத்திருந்த படத்தை அவள் ஏற்கெனவே நடுவுக்கு இழுத்து வைத்திருந்தாள். வெள்ளைக் கட்டை எரிந்தது.

"ஐந்தரைன்னா கறுப்புல்லா எரியணும்?"

இதற்குப் பதில் சொல்வதற்குக் கண்ணாடிக் கடையில் பழகிய பேச்சு எதுவும் உதவவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். வீரகேரளம்புதூரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தட்டாக.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப அன்னைக்குத் தொண்டை தொறக்கல்ல" என்றாள்.

"நீ பாட்டை விட்டுருவேன்னு பயந்தேன்."

"விட்டிருப்பேன்தான். ஆனா அது நானா விட்டதா இருந்திருக்கும்லா. முத்துவடிவை எத்தனை பேர்கிட்ட எளக்காரமாப் பேசியிருக்கேன், பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீய?"

சாப்பாடு அன்றைக்கு அவரே போட்டுக்கொண்டார். அவள் தளவாயைக் கூப்பிட்டு, "எனக்கு நாலு கட்டைதான் தம்பி. தெரியாமச் சொல்லிட்டேன்" என்றாள். தெரியாமல்தான் சொன்னாள். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ தெரியாது. புனலூர்க்காரர்களை மறுபடி கூப்பிட வசதிப்படாது என்று சொல்லி, வேறொரு பெண்ணைப் பாடவைத்தான். பாட்டு வெளியானதும் சண்முகப்பிரியா முழுக்கக் கேட்டாள். நல்லாத்தான் பாடியிருக்கா என்றாள்.

அப்புறம் வீட்டில் பாட்டு இல்லை. கோமதிசங்கர் எதற்குப் பயந்து அவ்வளவும் செய்தாரோ அதுவே நடந்தது. ஆவணியில் இரண்டு கொடைக்குக் கூப்பிட்டார்கள். முடியாது என்று அவளே சொன்னாள். அவரிடம் அரிசி, பருப்பு, கேஸ் விஷயமெல்லாம் ஒழுங்காகப் பேசினாள். அவர் கடையில் பவர் ஏறி வருகிறவர்களிடம் ஏறியதை ஏறியது என்றே சொல்லத் தொடங்கினார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை, வீட்டில் கேட்காத பாட்டுத்தான் வருத்தம்.

சாரல் முடிந்து வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சண்முகப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லேப்டாப்பைப் போடுங்க. படம் தெரியணும்."

போட்டார். படத்தை நடுவுக்கு இழுத்து வைத்தார்.

"மூணு கட்டை வைக்கணும்."

"நாலு உனக்கு நல்லா வருதே பிரியா. எதுக்கு இன்னும் எறக்கணும்?"

"நாலு நீங்க வச்சது. கையை எடுங்க. இந்தத் தடவை நான் எறக்குதேன்."

எந்தப் பட்டன் என்று கேட்டாள். காட்டினார். மூணுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது; அவள் ஒரு தட்டு தட்டினாள். அவரை அழுத்தச் சொல்லி, படத்தில் மூன்றாவது கட்டை எரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு பாடினாள். அவள் குரலுக்கு அது தாழ்வுதான். கீழே இறங்குகிற இடங்களில் சத்தமே எழும்பவில்லை, வெறும் காற்று வந்தது. நாலில் வைத்தால் எப்படி இருக்கும் என்று கோமதிசங்கருக்குத் தெரியும். அவர் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் கடைசி வரிவரைக்கும் வாசித்தார்.