பாதியில் நின்ற ஆட்டத்துக்கு நான் சொன்ன தீர்ப்பு

நான் பொய் வாசித்தேன்.

ஆம், வாசித்தேன்! வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எழுத்து கண்முன்னே இருக்க, அதற்கு எதிரானதை, வாசிப்பவனின் குரலிலேயே சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அவர் என்னைப் படிக்க வைத்தது இதற்காகவா…?

கேளுங்கள்.

ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில், வைத்தியசாலைத் துணிகள் வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் எனக்குத் தற்காலிக வேலை. எங்கள் வரிசையில் மூன்று தமிழர்: மேற்பார்வை பார்க்கும் யோகன் அண்ணை, மன்னாரிலிருந்து வந்த மரியதாஸ் அண்ணை, நான். போன கோடையில் யூலை மாதத்தின் அதே மூன்று கிழமைகளை அவர்கள் இருவரும் விடுமுறையாகக் கேட்டார்கள். ஒருவர்தான் போகலாம், உங்களுக்குள் கதைத்து முடியுங்கள் என்று ஆலையின் மேலாளர், நாங்கள் ஷெஃப் என்று கூப்பிடும் அம்மா, சொல்லிவிட்டார்.

யோகன் அண்ணைக்கு ஸ்பெயினில் கடற்கரை வீடு பேசியாயிற்று. மரியதாஸ் அண்ணைக்கோ… கனடாவிலும் பிரான்சிலும் சிதறிப்போன உடன்பிறப்புகள் எல்லோரும் மன்னாரில் அக்கா வீட்டில் கூடுவதாக இருந்தது.

"அஞ்சு பேரும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிட்டு இருபத்தெட்டு வருசம், தம்பி" என்பார். ஒவ்வொரு முறையும் ஐந்து பேரையும் பெயர் சொல்லி விரல் மடக்குவார்.

பந்தயம் யோகன் அண்ணையின் யோசனை. டென்னிஸ் ஆட்டங்களுக்கு இணையத்தில் பணம் கட்டுகிறவர் அவர். அன்று மதிய இடைவேளையில் ஓர் ஆட்டம் இருந்தது. எவருடைய ஆள் வெல்கிறானோ அவருக்கு யூலை! பிணக்கு வந்தால், தான் பந்தயம் கட்டும் தளத்தின் விதிப்படி தீர்ப்பு. பந்தயம் செல்லாமல் போனால், வேலையில் மூத்தவருக்கு விடுமுறை. மூத்தவர் மரியதாஸ் அண்ணை. சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர், தலையாட்டினார்.

டென்னிஸ் அவருக்குத் தெரியாது. களத்தில் இறங்கும்போது ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அவன்தான் என்ரை ஆள்!"

"அண்ணை, மாதா வந்து சேர்வ் போடமாட்டா" என்று சிரித்துவிட்டு யோகன் அண்ணை மற்றவனை எடுத்துக்கொண்டார்.

சிலுவை போட்டவன் முதல் செட்டை வென்றான். இரண்டாவதிலும் அவனே முன்னால். பிறகு ஓடிய வேகத்தில் கணுக்கால் பிரண்டது. கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முடியவில்லை. எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டு வெளியேறினான்.

"இவன் எங்கை போறான்? இப்ப ஆர் வெண்டது?" மரியதாஸ் அண்ணை என்னைப் பார்த்தார்.

யோகன் அண்ணை தன் தொலைபேசியில் விதிகளைத் திறந்து என்னிடம் நீட்டினார். பொடிப்பொடியான ஆங்கிலம்.

"நீ படிச்சனி. வடிவாப் பாத்துச் சொல்லு. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி ஷெஃபோடை கதைக்கிறதையும் நான் மறக்கேல்லை."

பார்த்தேன். ஒருவர் இடையில் விலகினால் பந்தயம் செல்லாது. ஆட்டம் முழுதாக முடிந்திருக்க வேண்டும். அவ்வளவு தெளிவு! யூலை மரியதாஸ் அண்ணைக்கு.

ஆனால் எல்லாத் தளங்களிலும் இந்த விதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சிலவற்றில் முதற்பந்து போட்டாலே போதும். சிலவற்றில் ஒரு செட் முடிந்திருந்தால் போதும்.

"ஒரு செட் முடிஞ்சால், அடுத்த சுற்றுக்குப் போறவர்தான் வெண்டவர் எண்டு கிடக்கு, அண்ணை."

எங்கோ இருக்கிற விதிதானே, முழுப் பொய் இல்லையே… என்று எனக்குள் ஒரு குரல். எவ்வளவு விரைவாக வந்தது அந்தக் குரல்!

மரியதாஸ் அண்ணை தொலைபேசியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி வாசிச்சால் சரி" என்றார். பாதிச் சோற்றோடு சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

யூலையில் நால்வர் மன்னாரில் கூடினார்கள். இங்கே இடைவேளையில் வீடியோ அழைப்பு வந்தது. அக்கா ஒரு வெறுங்கதிரையைக் காட்டி, "உனக்கெண்டு போட்டது" என்றார். நான் பக்கத்தில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தேன்.

ஓகஸ்டில் நிரந்தர வேலை யோகன் அண்ணையின் மைத்துனனுக்குப் போனது!

துரோகம் என்று உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய்க் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றக்கூட இல்லை.

"மரியதாசுக்கே பொய் வாசிச்சனி. நாளைக்கு எனக்கு வாசிக்கமாட்டியோ?"

விதி அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது… நான் எவ்வளவுக்குப் போவேன் என்று பார்க்கத்தான் நீட்டியிருக்கிறார்! நான் ஏமாற்றப்பட்டவன். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் யாரிடம் முறையிடுவேன்? என்ன விற்றாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

குளிர் தொடங்கியபோது இன்னொரு நிரந்தர இடம் காலியானது. ஒருநாள் காலை மரியதாஸ் அண்ணை என் தோளில் தட்டினார்.

"ஆரை நம்பலாமெண்டு ஷெஃப் என்னட்டைக் கேட்டவ. உன்ரை பேரைத்தான் சொன்னனான்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "நன்றி அண்ணை" என்றது.

ஒப்பந்தத்தை ஒரு சொல் விடாமல் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது நாள்முழுதும் அவருக்கு எதிரே நிற்கிறேன். ஈர விரிப்பை இஸ்திரி இயந்திரத்துக்குள் விட இரண்டு பேர் வேண்டும். ஒரு நுனி அவரிடம், மறு நுனி என்னிடம். அக்கா அடுத்த வருடமும் கூப்பிடுகிறாராம். ஆனால் பிரான்சுத் தம்பிக்கு இனி லீவு கிடைக்காதாம். ஐந்து பேரும் சேர வாய்ப்பில்லையாம். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

"இறுக்கிப் பிடி, தம்பி… சுருக்கு விழுது."

பிடிக்கிறேன்.