எக்ஸ்ரேவுக்குக் கேட்காத தட்டல்

அந்த டீசல் மெக்கானிக்கை எல்லோரும் "எக்ஸ்ரே" என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அதற்கு அவரிடம் இருப்பது ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவர். முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "சுத்தம்" என்று அவர் சொல்லிவிட்டால் லாரிக்காரர்கள் யோசிக்காமல் மலை ஏறுவார்கள்.

நம்பாத ஒரே ஆள் அவர் மனைவி. ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேனின் டிரைவர். ஒரு வாரமாக வேனில் 'டொக் டொக்' என்று ஒரு தட்டல்.

"பன்னெண்டு பேரை ஏத்திட்டுப் போறேங்க. நடுவழியில எஞ்சின் கையை விரிச்சா?"

ஞாயிறு காலை வீட்டு வாசலிலேயே கணவர் வேனின் எஞ்சின் மூடியைத் தூக்கினார். நாலு இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார்.

"சுத்தம். பூனைக்குட்டி மாதிரி ஓடுது."

"ஆமா, சுத்தியல் வச்சிருக்கிற பூனைக்குட்டி!"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் நின்றுவிடும்; எதை நிறுத்தும்போது தட்டல் அடங்குகிறதோ, கோளாறு அங்கே.

"குறைஞ்சுதா?"

"கூடுது."

அடுத்த நட்டு. "இப்போ?"

"இன்னும் கூடுது. உங்களுக்குக் காது இல்லையா?"

அப்படிக் கேட்ட பிறகுதான் மனைவி கவனித்தார்: கணவரின் கண் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"வேனை வித்துட்டேங்க."

கணவர் திரும்பவில்லை. மனைவி கனமான ஸ்பானர் ஒன்றை எடுத்து சிமென்ட் தரையில் போட்டார். தெருக்கோடி நாய் எழுந்து குரைத்தது. கணவர் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

பட்டறையில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். வீட்டிலும் மனைவிக்கு டிரைவர் குரல். அவர் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார் என்று யாருக்குத் தெரியும், அவருக்கே தெரியாதபோது?

மனைவி அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "உங்களுக்குக் காது கேக்கலைங்க" என்றபோது அவர் சிரித்தார். "சரி, கண்ணை மூடிக்கிறேன். போடு பாப்போம்."

போட்டார்.

"ம், போடு," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

கண்ணைத் திறந்து காலடியில் கிடந்த ஸ்பானரைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. எலும்பு வழியாக எஞ்சின் கேட்டது. காற்று வழியாக எதுவும் கேட்கவில்லை.

"அப்போ தட்டல் நெசம்," என்றார் மெல்ல. மனைவியை மறுபடி எஞ்சினைப் போடச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினைத் தாண்டி ஒவ்வொன்றின்மேலும் ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார். புகைக்குழாயில் வைத்ததும் தலையை வெடுக்கென்று இழுத்தார். குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்து, அது அடிச்சட்டத்தில் மோதிக்கொண்டிருந்தது. ஒரு சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் அதிகமாகக் குலுங்கும், தட்டலும் கூடும். பத்து நிமிஷ வேலை.

"அப்பாடா!" என்றார் மனைவி. அவரோ அடியிலிருந்து எழவில்லை.

"போன வாரம் மணல் லாரிக்காரன் ஒருத்தன் வந்தான். தட்டுது தட்டுதுன்னான். எஞ்சின்ல மட்டும் வச்சுப் பாத்துட்டு சுத்தம்னு அனுப்பிட்டேன். அடியில எது தட்டுச்சோ... போன் போடு!"

மனைவி போன் போட்டுவிட்டு, அவர் தன் வாயைப் பார்க்கும்படி வண்டிக்கு அடியில் குனிந்தார்.

"என்ன சொல்றான்?"

"சிரிக்கிறான். எக்ஸ்ரே சொன்னப்புறம் என்ன பயம்கிறான். லோடோட மலை ஏறிட்டிருக்கானாம்."

ஊர்ந்து வெளியே வந்து போனைப் பிடுங்கினார். "தம்பி, ஓரம் கட்டு! நான் சொன்னது தப்பு. எனக்குக் காது கேக்கல. ஓரம் கட்டுடா!"

போனை மனைவியின் காதில் வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்தபடி நின்றார். அது அசைய வெகுநேரமானது.

"கட்டிட்டான்."