பதினோரு ஸ்டீல் பேட், ஒரு மர பேட்

ஷீலா, அருள்,

ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்மிண்டன் விளையாட இரண்டு பேட் வாங்க வேண்டும், விலையும் நமக்குக் கட்டுப்படியாக வேண்டும், எது நல்லது என்று என்னைக் கேட்டீர்கள். அப்பா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். உங்கள் பாடப் புத்தகத்தில் ஒன்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். பேட் விஷயம் அப்படியில்லை. பேட் விற்றும் அதற்கு நரம்பு கட்டியும்தான் உங்களுக்குச் சோறு போட்டேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து டிவி பக்கம் போய்விடுவீர்கள் என்று எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் பேட்டோடு உங்கள் அம்மாவும் சேர்ந்து வருகிறாள். அவளை விட்டுவிட்டு இதை எழுத எனக்கு வரவில்லை.

1. முதல் நாள்

கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூர் வந்து, சிவாஜி நகரில் ஒரு சந்துக் கடையில் சேர்ந்தேன். விளையாட்டுச் சாமான் கடை. முதலாளியை எல்லோரும் பாய் என்போம். வீட்டில் உருது, கடையில் நாலு பாஷை.

முதல் நாள் காலையில் மூன்று பேட்டை மேசை மேல் போட்டார். "சாலமன், இதுல எது நல்லதுன்னு சொல்லு பாப்போம்."

பளபளவென்று சிவப்புப் பட்டை போட்ட ஒன்றை எடுத்தேன். பாய் கடைக்குள் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "டேய், வேலைக்கு ஆள் கேட்டேன், கஸ்டமர அனுப்பி இருக்காங்கடா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சாயந்திரம் அந்தச் சிவப்புப் பட்டை பேட்டை நானே ஒருவருக்கு விற்றேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார்.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேட்டைக் கடையின் கண்ணாடி மேசை மேல் படுக்க வையுங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் ஃப்ரேம் வளைந்திருக்கிறது, வேண்டாம். மர பேட் மழைக்காலத்தில் சீக்கிரம் வளையும். வீட்டில் அதை வளையாமல் இறுக்கிப் பிடிக்கிற மரச் சட்டத்துக்குள் வைத்து நாலு ஸ்க்ரூவும் முடுக்கி வைக்க வேண்டும். சோம்பேறிகளுக்கு மர பேட் ஆகாது. அருள், உன்னைத்தான்.

அடுத்து, பிடி. பிடித்த பிறகு விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் நுழைகிற இடம் இருக்க வேண்டும். இடமே இல்லையென்றால் பிடி சின்னது, நிறைய இருந்தால் பெரியது. பெரிய பிடியோடு விளையாடினால் முழங்கை வலிக்கும்.

ஸ்டீல் ஃப்ரேம் விலை குறைவு, உடையாது. ஆனால் அடிக்கும்போது கை உதறும். அலுமினியம் லேசு, கீழே விழுந்தால் கோணிக்கொள்ளும். எதை வாங்கினாலும் கம்பெனி கட்டி அனுப்பிய நரம்பை நம்பாதீர்கள். விலை குறைந்த பேட்டில் அது எப்போதும் தொளதொள என்றுதான் இருக்கும். கொஞ்சம் குறைந்த விலை பேட்டை வாங்கி, மிச்சத்தில் நல்ல நரம்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். பணக்காரர் பேட்டின் பாதி குணம் அதிலேயே வந்துவிடும். நரம்பு கட்டும்போது நான் மீட்டர் எதுவும் பார்க்கமாட்டேன். விரலால் சுண்டிச் சத்தத்தைக் கேட்பேன். சில வருடத்தில் அது பழகிவிட்டது. தெருவில் யாராவது விளையாடினால் திரும்பிப் பார்க்காமலே எந்த மாதிரி பேட் என்று சொல்லிவிடுவேன்.

3. ரோசி

உங்கள் அம்மா தங்க வயலில் பால் பேட்மிண்டன் ஆடியவள். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, மண் தரை, வெறுங்கால், பகல் வெளிச்சம். சுரங்க லைன் வீடுகளில் சர்ச்சுக்கு ஒரு கோர்ட், கோயிலுக்கு ஒரு கோர்ட் என்று இருந்த காலம். எங்கள் கல்யாணத்தன்று அவள் கூட்டாளிகள் என்னைச் சுற்றிக்கொண்டு, "மாப்ளே, எங்க ரோசி போடுற சர்வீஸ நீங்க திருப்பி எடுத்துட்டா, நாங்க மொட்ட அடிச்சிக்கிறோம்" என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அதற்கு முன்னால் அவள் ஆடி நான் பார்த்ததில்லை, அதன் பிறகு அவள் பேட்டையே தொடவில்லை. பொம்மனஹள்ளியில் ஒற்றை அறை. நீங்கள் இருவரும் அடுத்தடுத்துப் பிறந்தீர்கள். அப்புறம் கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். காலையில் டிபன் பாக்ஸோடு ஓடுவாள், இருட்டிய பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் நாள் முழுக்க ஊரான் கைக்கெல்லாம் பேட் பார்த்துக் கொடுத்தேன். என் வீட்டில் இருந்த ஆட்டக்காரி ஆடி நான் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம். போயி தண்ணி வந்துதான்னு பாருங்க" என்றாள்.

4. ஒரு டஜன் ஆர்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், அவள் வேலை செய்த கம்பெனியின் ஆபீசர் ஒருவர் எங்கள் கடைக்கே வந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர். கம்பெனியில் ஸ்போர்ட்ஸ் டே வைக்கிறார்களாம்.

"எப்பவும் மியூசிக்கல் சேரு, லெமன் ஸ்பூனுதான். இந்த வருஷம் லேடீஸே பால் பேட்மிண்டன் வேணும்னு கேட்டாங்க. ஸ்வல்ப ரேட் பாத்து ஒரு டஜன் போடப்பா. சும்மா தட்டுறதுக்குத்தானே."

பாய் என்னைப் பார்த்தார். நான் மூன்று மாதிரி எடுத்து வைத்தேன். ஆபீசர் விலையைக் கேட்டு ஸ்டீலைத் தொட்டார்.

அன்று ராத்திரி அந்த மூன்று மாதிரியையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடை ஆட்கள் சாம்பிள் எடுத்துப்போய்ப் பார்ப்பது வழக்கம்தான்.

"ரோசி, உங்க கம்பெனி ஆர்டரு. லேடீஸ் கைக்கு எது சரியா இருக்கும்னு பாத்துச் சொல்லு."

"யாரு இந்த ஆட்டத்தக் கேட்டதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"யாரு?"

"நான்தான்" என்றாள். "பேரும் குடுத்துட்டேன். டபுள்ஸ். எங்க தையல் லைன்ல பாக்யான்னு ஒரு பொண்ணு கூட." சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

பிறகு கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஸ்டீலை எடுத்து மணிக்கட்டை இரண்டு தடவை திருப்பினாள். "இது பேட்டில்ல, தோசக் கரண்டி." அலுமினியத்தைத் தொட்டுவிட்டுக் கீழே வைத்தாள். மர பேட்டை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. கட்டைவிரலால் நரம்பை அழுத்தினாள். காதோரம் வைத்துச் சுண்டினாள்.

"பிடி தடி. நரம்பு இன்னும் இழுக்கணும்."

"தோளு தாங்குமா?"

"தாங்காட்டி தாங்காது." பேட்டைத் திருப்பி என்னிடம் நீட்டி, "நீங்க வருவீங்களா?" என்றாள்.

மறுநாள் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். "பதினொண்ணு ஸ்டீலு, ஒண்ணு மரம் போட்டு அனுப்பு. ஆபீசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வித்தியாசம் என்னோட கணக்கு" என்றார். பிடியின் பழைய சுற்றைப் பிரித்து மெல்லிய துணியாகச் சுற்றினேன். நரம்பை எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறேன். அன்று இரண்டு தடவை கட்டி, இரண்டு தடவையும் அறுத்துப்போட்டு, மூன்றாவதாகக் கட்டியதைத்தான் விட்டேன். அவளிடம் சொல்லவில்லை. பன்னிரண்டில் அவள் கை அதைத் தேடிக்கொள்ளும் என்று தெரியும்.

5. காம்பவுண்டு சுவர்

ஸ்போர்ட்ஸ் டே அன்று மதியம் பாய் லீவு கொடுத்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓசூர் ரோட்டில் பஸ்ஸைப் பிடித்தேன். கேட்டில் வாச்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

"வர்க்கர்ஸ் மட்டும்தாண்ணா. ஃபேமிலி எல்லாம் கிடையாது."

"என் சம்சாரம் ஆடுறாங்க. ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"எனக்கும் புரியுதுண்ணா. பாஸ் இல்லாம விட்டா நாளைக்கு நானும் உங்க கூட வெளியதான் நிக்கணும்."

சண்டை போடத் தோன்றவில்லை. அவர் சொன்னது நியாயம். சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். உயரமான சுவர், மேலே கண்ணாடித் துண்டு பதித்தது. அந்தப் பக்கம்தான் கிரவுண்டு. பெண்கள் கத்துவதும் சிரிப்பதும் கேட்டது. திரும்பிப் போயிருக்கலாம். அப்போது விசில் ஊதி, கூட்டம் அடங்கி, பந்து விழும் சத்தம் வந்தது.

தொப். தொப். தொப். தொளதொள நரம்பு, ஸ்டீல் ஃப்ரேம். பிறகு ஒன்று, டங்.

அது நான் கட்டிய நரம்பு. அந்தக் கிரவுண்டில் அப்படிச் சத்தம் போட வேறு பேட் கிடையாது.

சுவரில் காதை வைத்துக்கொண்டேன். டங் என்று வந்ததும் கூட்டம் "ஓ" என்றால் அவள் எட்டாத இடத்தில் போட்டிருக்கிறாள். மெதுவாக டிங் என்று வந்தால் நெட் ஓரமாகச் சும்மா தட்டி விட்டிருக்கிறாள். எதிர்ப்பக்கத்து தொப் வர நேரமானால் பந்து உயரமாகப் போயிருக்கிறது, அவள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை டங், தொப், டங், தொப் என்று நிற்காமல் போய், கூட்டமே மூச்சுப் பிடித்துக்கொண்டு, கடைசியில் டங் என்று ஒன்று, அதற்குப் பதில் வரவேயில்லை. விசிலடித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கை தட்டினேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி என்னைப் பார்த்துவிட்டுக் கேட் பக்கமாகப் போனார்.

கடைசிப் பாயிண்ட் தொப் என்று முடிந்தது. அது அவள் அடி இல்லை.

அன்று சாயந்திரம் வீட்டில் அவள் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்குத் தெரியாது. "தோத்துட்டோம்" என்றாள், ஜெயித்தவள் மாதிரி. "யாரோ ஒருத்தரு சுவத்துல காத வெச்சிக்கினு நின்னாராமே, வாச்மேன் சொன்னாரு."

"கடைசி பந்து உன்னுது இல்லையே?"

"பாக்யா அவசரப்பட்டுட்டா. பாவம், சின்னப் பொண்ணு." பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தோளுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்லித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வருடம் ஸ்போர்ட்ஸ் டேக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பிரியாணி பொட்டலம் கொடுத்தார்கள். அதற்குள் அவள் தோளும் மேலே தூக்க முடியாதபடி ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆடியது அந்த ஒரே மதியம்தான். நான் பார்க்கவில்லை.

இந்தக் கடை வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஒருவருக்கு எந்த பேட் சரி என்று கேட்டால் விலையைச் சொல்லாதீர்கள், கம்பெனிப் பேரைச் சொல்லாதீர்கள். கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். கை சொல்லும். இன்னொன்று: யாருக்காவது ஆட ஆசை என்று தெரிந்தால் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த மதியம் நடந்த ஒன்றை மட்டும் அம்மாவிடம் நான் சொன்னதில்லை. ஆட்டம் முடிந்ததும் மணி அடித்தது. பெண்களெல்லாம் டார்கெட் முடிக்க மெஷினுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் கேட்டைத் தாண்டிப் போகும்போது வாச்மேன் கூப்பிட்டார். "இப்ப யாரும் இல்லண்ணா. அஞ்சு நிமிஷம் போயி பாத்துட்டு வாங்க."

கிரவுண்டில் ஒருவரும் இல்லை. நெட்டைக்கூடக் கழற்றிவிட்டார்கள். சிவப்பு மண், சுண்ணாம்புக் கோடு. உள்ளே நூற்றுக்கணக்கான தையல் மெஷின்கள் ஒரே சமயத்தில் ஓடும் சத்தம். அதில் ஒன்று அவளுடையது, எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோர்ட்டில் கடைசி ஆட்டத்தின் கால்தடம் அப்படியே இருந்தது, மூன்று பேர் செருப்போடு ஆடியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் வெறுங்காலோடு. சின்னப் பாதம், விரல்கள் மண்ணில் அழுந்தி, குதிகால் படாமல். நெட் வரைக்கும் ஓடி, அங்கிருந்து பின்கோடு வரைக்கும் பக்கவாட்டில் போய், மறுபடி முன்னால் வந்திருந்தது.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்தத் தடத்தில் கால் வைக்காமல் கோட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போய், எதிர்ப்பக்கக் கோர்ட்டில் அவள் சர்வீஸைத் திருப்பி எடுக்கிற இடத்தில் நின்றேன். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அவள் நின்ற இடத்தைப் பார்த்தபடி, வாச்மேன் விசில் ஊதும் வரை அப்படியே நின்றேன்.