நல்ல எண்களும் ஷவ்கத்தும்

மருந்துக்கடை நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, ரத்த அழுத்தப் பட்டை இறுகத் தொடங்கியதும் ஷவ்கத் பேச ஆரம்பிப்பார். பேசாமல் இருங்கள் என்று கடைக்கார நெர்மின் தினமும் சொல்வாள். "பேசலேன்னா எதனால ஏறுதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்பார். காரணம் பெரும்பாலும் அவருடைய நண்பர் பெஷாராவாக இருக்கும்.

அலெக்சாண்ட்ரியாவில் டிராம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எதிரே வருகிறவரை டிக்கெட் எடுக்காதவர் மாதிரிதான் பார்ப்பார். நோய்கள் அவர் சொன்னபடி கேட்கும். மாடிப்படி கழுவும் முறை வந்தால் இடுப்புப் பிடிக்கும். மருமகளின் தாயார் விருந்துக்கு வந்தால் நெஞ்சு அடைக்கும். அந்த அம்மாள் படியிறங்கியதும் பசிக்கும். மாலையில் மட்டும் எதுவும் வராது. அது காப்பிக்கடையில் பெஷாராவுடன் தவ்லாப் பலகையில் பகடையாட்டம் ஆடும் நேரம். பெஷாரா பகடையை உருட்டிவிட்டுக் காயை ஒரு கட்டம் கூடுதலாகத் தள்ளுவார். ஷவ்கத் எழுந்து நின்று கத்துவார். தெருவுக்கே கேட்கும்.

குவைத்திலிருக்கும் மகன் கவலைப்பட்டு அப்பாவைப் பெரிய டாக்டரிடம் அனுப்பினான். டாக்டர் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தார், ஷவ்கத்தைப் பார்க்கவில்லை. உப்பு, ஊறுகாய், காப்பி, வாக்குவாதம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மனைவி இன்ஷிராஹ் அதில் ஒன்றுவிடாமல் நிறைவேற்றினாள். வந்தவர்களையெல்லாம், தூங்குகிறார் என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள், பெஷாரா உட்பட.

அழுத்தம் இறங்கியது. சர்க்கரை இறங்கியது. கூடவே ஷவ்கத்தும் இறங்கினார். முகம் மழிப்பதை விட்டார், பிறகு சாப்பாட்டை. ஒருநாள் மருமகளின் தாயார் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தும் அவருக்கு நெஞ்சு அடைக்கவில்லை. அன்றுதான் இன்ஷிராஹ் பயந்துபோனாள்.

டாக்டர் புதுத் தாள்களைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தார்.

"நம்பரெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். மனுஷன் எங்கன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

டாக்டர் சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

மாத்திரை வாங்கக் கிளம்பியவள், பெண்கள் கால் வைக்காத அந்தக் காப்பிக்கடைக்குள் நேராக நுழைந்தாள். யாரும் எதிரே உட்காராத மேசையில் பெஷாரா தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பலகையை எடுத்துக்கிட்டு வாங்க. எப்பவும் போலவே ஆடுங்க. திருந்திட்டு வந்துடாதீங்க" என்றாள்.

பலகை படுக்கையிலேயே விரிந்தது. ஷவ்கத் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெஷாரா இரண்டு பேருக்குமாகத் தானே உருட்டினார்; ஷவ்கத்துக்கு விழுந்ததெல்லாம் மோசம் என்று அவ்வப்போது அறிவித்தார். முதலில் தோள் அசைந்தது. பிறகு தலை திரும்பியது.

"ஏழுடா அது."

"எட்டு. கண்ணும் போயிடுச்சா உனக்கு?" என்றபடி பெஷாரா காயை நகர்த்தினார்.

ஷவ்கத் எழுந்து உட்கார்ந்தார். பெஷாராவின் மணிக்கட்டைப் பிடித்து, கையோடு சேர்த்துக் காயை ஒரு கட்டம் பின்னால் இழுத்து வைத்தார். வைத்த பிறகும் பிடித்த கையை விடவில்லை.