டிபன் டப்பாவில் வஞ்சிரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. அப்போது எனக்குக் கிண்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை, மந்தைவெளியில் வீடு. ஞாயிறுதோறும் காலைத் திருப்பலி முடிந்ததும், எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பேன். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் ராஜா அண்ணாமலைபுரம் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து வருவார்கள். மீதிப் பேர் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள். அப்பா கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்பார். யாரும் சொல்லாமலே இரண்டு கூட்டமும் தனித்தனி பெஞ்சில்தான் உட்காரும். அதை நானும் கண்டுகொண்டதில்லை.

தூய ஆவியின் கனிகள் என்று ஒன்பது குணங்களைச் சொல்லிக்கொடுப்போம். அதில் 'நன்னயம்' என்று ஒன்று வரும். அந்த வார்த்தையைப் பலகையில் எழுதியதுமே ஒரு பெண், "அப்படின்னா என்ன மிஸ்?" என்றாள். நல்லவர்களாக இருப்பது, நல்லதைச் செய்வது என்றேன். "அதான் ஏற்கெனவே அன்பு, பரிவுன்னு ரெண்டு சொல்லிட்டீங்களே?" என்றாள். சரி, இதை வாயால் சொல்லிப் பயனில்லை, செய்ய வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். எனக்குச் செய்முறைப் பாடங்களில்தான் ஆர்வம். கலர் பேப்பர், பசை, அட்டை இல்லாமல் நான் வகுப்புக்குப் போனதே இல்லை. வாழ்த்து அட்டை செய்து ஆஸ்பத்திரியில் கொடுத்தோம், விதை முளைக்க வைத்தோம். இந்த முறை சாப்பாடு.

"அடுத்த வாரம் ஒவ்வொருத்தரும் ஒரு டிபன் டப்பா கொண்டு வாங்க. ஆனா அது உங்களுக்கு இல்ல. சீட்டுக் குலுக்கிப் போடுவோம், யாருக்கு வருதோ அவங்க சாப்பிடுவாங்க. அதனால உங்க வீட்டுல இருக்கிறதுலயே எது நல்லதோ அதைக் கொண்டு வாங்க." இதுதான் நான் சொன்னது. வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மேஜை நிறைய டப்பாக்கள், நான் கொண்டுபோன லெமன் சாதமும் சேர்த்து. ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டினேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நூடுல்ஸ், புளிசாதம், பூரி, ஒரு டப்பாவில் வெறும் ஜெம்ஸ் மிட்டாய். சத்தமும் சிரிப்புமாக இருந்த நேரத்தில், அடுக்குமாடிப் பையன் ஒருவன் தனக்கு வந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்தான். உள்ளே வெள்ளைச் சோறு. அதன்மேல் வாழை இலைத் துண்டு. இலையில் மிளகாய்த்தூள் சிவக்க வறுத்த இரண்டு துண்டு மீன். விடியற்காலையில் மூடிய டப்பா. திருப்பலி முடிகிறவரை புழுக்கத்தில் இருந்ததால் வாசனை குப்பென்று வந்தது.

"ஐயே, நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டான். அவன் பெஞ்சே சிரித்தது. எதிர்ப்பக்கம், குப்பத்துப் பிள்ளைகளின் பெஞ்சில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். யாருடைய டப்பா என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் சட்டென்று போய் டப்பாவை வாங்கிக்கொண்டு, "இது எனக்கு. நீ என்னோட லெமன் சாதத்தை எடுத்துக்கோ" என்றேன். சிரிப்பு அடங்கியது. நிலைமையை நன்றாகச் சமாளித்துவிட்டதாக உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்திகூட. போகிற போக்கில் அந்தப் பெண்ணிடம் குனிந்து, "அடுத்த தடவை லெமன் சாதம், தயிர் சாதம் மாதிரி ஏதாவது கொண்டு வாம்மா, என்ன?" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்டிருந்தது. அவள் தலையாட்டினாள்.

நான் மீன் சாப்பிடாதவள் இல்லை. ஆனால் அன்று மதியம் தி.நகரில் தோழி மகளின் கல்யாண விருந்து இருந்தது. பட்டுப் புடவையில் வந்திருந்தேன். கையெல்லாம் எண்ணெய் ஆகும் என்று தோன்றியது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்ததும், ஹாலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போனேன். பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் சோற்றையும் மீனையும் கொட்டினேன். டப்பாவைக் கழுவி ஜன்னலில் வைத்தேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கை துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அந்தப் பெண் ஜன்னலிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. இப்போதுதான் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஏதோ மனதில் உறுத்தியது. அதைத் தொடர்ந்து வந்த சனிக்கிழமை காலை மீன் வாங்கப் போகிற சாக்கில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். அவள் அம்மா ரோட்டோரம் குடைக்குக் கீழே அருவாமனையோடு உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் நின்று மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க டீச்சரம்மா! பாப்பா, யாரு வந்துகிறாங்க பாரு!" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள், "மீனு எப்டி இருந்துச்சி? பாப்பா வந்து சொல்லிச்சி, நீங்களே எட்த்துக்கினீங்களாமே. ஒரு துண்டு மிச்சம் வெக்காம சாப்ட்டீங்கன்னு சொல்லிச்சி" என்றார்.

தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. என்னிடம் எதையோ கேட்டுக்கொள்வது போன்ற பார்வை.

"ஆமாம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

அந்த அம்மாவுக்கு அதற்குமேல் பேச்சு நிற்கவில்லை. "வலையில ஒரே ஒரு வஞ்சிரம்தான் மாட்டிக்கினு வந்துச்சி அன்னிக்கி. ஓட்டல்காரர் முழுசா கேட்டாரு. இவதான் ஒரே அடம். டீச்சர் வூட்ல இருக்கறதுலயே நல்லத எட்த்தாரச் சொல்லிக்கிறாங்க, நம்ம வூட்ல நல்லது மீனுதானேன்னா. சரின்னு ரெண்டு துண்டு அறுத்து வெச்சிட்டு மிச்சத்ததான் அவருக்கு குட்த்தேன். நாங்க வஞ்சிரம் துன்னு எத்தினி மாசம் ஆவுது தெரியுமா? வர்றத வித்துருவோம்ல." பிறகு மகளைப் பார்த்து, "இப்ப இன்னான்னா ரெண்டு வாரமா வயித்து வலின்னு கோயிலுக்கே வர மாட்டேங்கறா. நீங்களே கேளுங்க" என்றார்.

எதையோ வாங்கினேன். என்ன மீன் என்று இப்போது நினைவில்லை. பையை ஸ்கூட்டர்வரை கொண்டுவந்து கொடுக்க மகளை அனுப்பினார் அம்மா. வண்டி பக்கத்தில் வந்ததும் கேட்டேன்.

"நான் கொட்டினதை நீ பாத்தியா?"

"பாத்தேன் மிஸ்."

"அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

கால் கட்டைவிரலால் மணலைக் கிளறிக்கொண்டே, "அம்மா இருட்டா இருக்கசொல்லவே எழுந்து வறுத்துச்சி மிஸ். கேட்டா அழும்" என்றாள். பையை என்னிடம் நீட்டி, "நீங்களும் சொல்லாதீங்க" என்றாள்.

ஸ்கூட்டரில் சாவியைப் போட்டேன். கிளப்ப முடியவில்லை. ஒன்பது வயதுப் பெண் இரண்டு வாரத்துக்கும் மேலாக ஒரு பொய்யைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அதில் என் மானமும் சேர்ந்து காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதற்குமேல் இப்போது நானும் ஒரு பொய்யை ஏற்றிவைத்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறேன். அவள் கேட்டுக்கொண்டபடி பேசாமல் போயிருந்தால் ஒருவேளை எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். இது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தப் பெண் இனி என் வகுப்பில் உட்கார்ந்து நான் சொல்லும் எதையும் நம்ப வழியில்லை என்பது மட்டும் தெரிந்தது. "உன்மேல அம்மாவுக்குக் கோபம் வராது, நான் பாத்துக்கிறேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையன் மூக்கைப் பொத்தியது, நான் லெமன் சாதம் கொண்டுவரச் சொன்னது, கொட்டியது, சற்றுமுன் சொன்ன பொய், எல்லாம். செதில் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"குப்பையிலயா?"

"ஆமா."

மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்தபடியே நின்றாள். அவர் அழவில்லை. "பூனைக்கினா போட்டிருக்கலாமே டீச்சரு" என்றார்.

அதற்குள் யாரோ மீன் வாங்க வந்தார்கள். அவர்களுக்கு வெட்டிக் கொடுத்து அனுப்பும்வரை நான் அங்கேயே நின்றேன். திரும்பியவர், "இன்னும் போவலியா நீ? எனக்கு யாவாரம் கீது" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"என்னாண்ட இன்னாத்துக்கு கேக்கற? டப்பாவ தூக்கினு வந்தது அது. அத்தினி புள்ளைங்க முன்னாடி லெமன் சோறு எட்த்துனு வான்னு சொன்னல்ல, அதுங்களாண்ட போய்ச் சொல்லு." அதோடு அருவாமனைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். முந்தின இரவு எப்படிச் சொல்வது என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். பிள்ளைகள் முன்னால் நின்றதும் அந்தத் தாளைப் பார்க்கத் தோன்றவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். உங்களை எல்லாம் நல்லதைக் கொடுக்கச் சொன்னேன், ஒருத்தி கொடுத்தாள், நான் கொட்டிவிட்டேன், பிறகு பொய்யும் சொன்னேன் என்றேன்.

ஒரு வாண்டு கையைத் தூக்கி, "மிஸ், ஃபாதர்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டான். "இன்னும் இல்லை" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மூக்கைப் பொத்திய பையன் மட்டும் சிரிக்கவில்லை. "நான்தானே மிஸ் நாத்தம்னு சொன்னேன்" என்றான். அவனை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அந்தப் பெண் அன்று வந்திருக்கவில்லை. ஆனால் குப்பத்துப் பிள்ளைகள் மூலம் செய்தி வீடுவரை போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு வந்தாள். கூடவே அவள் அம்மாவும் வந்தார். வாசலில் நின்று, "நானும் ஒக்காரலாமா?" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பு முழுவதையும் கேட்டார். பிள்ளைகளிடம் நான் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். அதுபோல் பயந்து நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. முடிந்ததும் எழுந்து முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு, "சரி, படிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. நானும் கேட்கவில்லை. கடைப் பக்கம் போனால் பேசுவார், நல்ல மீனாகப் பார்த்துத் தருவார். மறுபடியும் 'நீங்க' என்று கூப்பிட அவருக்கு ஆறு மாதம் ஆனது. அந்தப் பெண் இப்போது ஏழாவது படிக்கிறாள், மறைக்கல்வியில் வேறு வகுப்புக்குப் போய்விட்டாள். அந்தப் பையனும் அவளும் சேர்ந்து கோயில் பாடகர் குழுவில் பாடுகிறார்கள். பாட்டுக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்து திட்டும் வாங்குகிறார்கள்.

நான் இன்னும் அதே ஹாலில் அதே வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் நன்னயம் பாடம் வரும். ஒவ்வொரு வருடமும் யாராவது அதற்கு அர்த்தம் கேட்பார்கள். தன் அம்மா அழக் கூடாதென்று ஒரு சின்னப் பெண் இரண்டு வாரத்துக்கும் மேலாக உண்மையை மறைத்துவைத்திருந்ததை அவர்களுக்குச் சொல்கிறேன். பொய் சொன்னதைப் பாராட்டலாமா என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். கொடுக்கச் சொல்லித்தர எனக்கு எத்தனையோ செய்முறைகள் தெரிந்திருந்தன. ஒருவர் தன்னிடம் இருப்பதிலேயே நல்லதை நீட்டும்போது அதை இரண்டு கையாலும் வாங்கத் தெரியாமல்தான் நாற்பது வயதுவரை இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால், இப்போதும் எனக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.